பச்சை விளக்கின் ஓரம் ஒரு பொட்டு

"கண்ணு எங்கங்க இருக்கு உங்களுக்கு?"

அரூர் பேருந்து நிலையத்தில், கொட்டுகிற மழையில், கோகிலா அவனிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவைதான். ஓடி வந்தவன் தோளால் இடித்ததில் அவள் கையிலிருந்த பிளாஸ்டிக் உறை பறந்துபோய்ச் சேற்றுக் குட்டையில் விழுந்தது. உள்ளே இருந்தது ஒரே ஒரு காகிதம். அதற்காகத்தான் விடியுமுன் எழுந்து, சித்தேரி மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள்.

"ஐயோ... சாரிங்க. பார்க்கலைங்க."

"பஸ் ஸ்டாண்டே காலியா கெடக்குது. என் மேலதான் வந்து இடிக்கணுமா?"

"கேமராங்க... புதுசு. இப்பத்தான் சேலத்துல இருந்து வந்துச்சு. நனைஞ்சா போச்சு." சட்டைக்குள் ஒரு சின்ன அட்டைப்பெட்டியைப் பூனைக்குட்டியைப் போல அணைத்திருந்தான். அதற்குக் குடை பிடித்துவிட்டு அவன் முழுதாக நனைந்திருந்தான்.

"கேமரா தூக்கிட்டு வர்றவருக்கே கண்ணு தெரியலைன்னா, கேமராவுக்கு என்னத்தத் தெரியப் போவுது?"

அவன் சிரித்துவிட்டான். இமைகளில் நின்ற மழைத்துளிகள் அந்தச் சிரிப்பில் உதிர்ந்தன. கோகிலாவுக்கும் உதட்டோரம் ஏதோ அசைந்தது. மூன்று வருடமாய் அங்கே எதுவும் அசைந்ததில்லை... அவளுக்கே பயமாக இருந்தது.

எதிரே மாரப்பன் டீக்கடை. காகிதத்தை அடுப்புச் சூட்டில் காட்டி உலர்த்தித் தருகிறேன் என்று அழைத்துப் போனான்.

"டீ அடுப்புல துண்டு காயப்போடறவனைப் பார்த்திருக்கேன் தம்பி. பேப்பரைக் காயப்போடறவனை இன்னைக்குத்தான் பார்க்கறேன்," என்றார் மாரப்பன்.

"காயட்டும்ண்ணே. இல்லைன்னா இவங்க என்னையே அடுப்புல வெச்சிருவாங்க."

"வெச்சாலும் எரிய மாட்டீங்க. அவ்ளோ ஈரம்," என்றாள் கோகிலா.

இரண்டு டீ வந்தது. கண்ணாடி டம்ளரின் சூட்டை உள்ளங்கைகளுக்குள் உருட்டியபடி அவள் அவனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். மழை தகரக் கூரையில் பேசிக்கொண்டே இருந்தது.

"பேரு அழிஞ்சிருச்சா பாருங்க," என்றாள் கடைசியில்.

காகிதத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துபோனது. அவளைப் பார்த்தான். மறுபடி காகிதத்தைப் பார்த்தான். அதைப் பெஞ்சின் மேல் வைத்தான். பாதி டீயை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான்.

"நான்... வரேங்க."

அவ்வளவுதான். மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

கோகிலா காகிதத்தை எடுத்தாள். 'கோகிலா, த/பெ குள்ளன், சித்தேரி மலை...' ஓ. அதற்குமேல் அவளுக்கு எதுவும் படிக்க வேண்டியிருக்கவில்லை. மில் ஹாஸ்டலில் 'மலைக்காரங்களா?' என்று கேட்டுவிட்டுத் தட்டை நகர்த்திக்கொண்டு போனவர்களை அவள் பார்த்திருக்கிறாள். இவன் தட்டுக்குப் பதிலாக டம்ளரை விட்டுப் போகிறான். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

டீ கசந்தது.

*

கோகிலாவும் அக்கா மாதம்மாளும் கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தார்கள். அக்காவுக்குக் கதைப் புத்தகம் என்றால் உயிர். ஹாஸ்டல் அலமாரியில் கிடந்த தடித்த மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றை இரவெல்லாம் வாசித்துக் காட்டுவாள். எங்கோ பனி கொட்டும் தேசத்தில், ரயிலுக்குக் காத்திருக்கும்போது சந்தித்த இரண்டு பேரின் கதை. "பனின்னா எப்படி இருக்கும்க்கா?" என்று கோகிலா கேட்டால், "நம்ம மில்லுல பஞ்சு பறக்குதில்ல... அதான்னு நெனச்சுக்கோ புள்ள," என்பாள். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தன. முடிவை நாமே வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா சொல்லியிருந்தாள். வைப்பதற்குள், பஞ்சைச் சீவும் இயந்திரம் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்துக்கொண்டது.

அந்த இயந்திரத்துக்கு ஒரு இரும்பு மூடி உண்டு. மூடி இருந்திருந்தால் அக்கா இருந்திருப்பாள். வேலை சீக்கிரம் ஆக வேண்டுமென்று அக்காவே அதைக் கழற்றிவிட்டாள் என்கிறது ஆலை நிர்வாகம். அப்படி இல்லை என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு வாய்தான் இருந்தது. அது கோகிலாவின் வாய்.

சாட்சி சொல்ல மூன்று முறை கோயம்புத்தூர் போனாள். மூன்று முறையும் வாய்தா. ஒரு நாள் பஸ், ஒரு நாள் காத்திருப்பு, ஒரு நாள் பஸ்... நான்காம் முறை அரசு வக்கீல் போன் செய்தார். "விதியெல்லாம் மாத்திட்டாங்கம்மா. நீ இங்க வர வேண்டாம். அரூர் கோர்ட்டுக்குப் போ. அங்க இருந்தே வீடியோவுல சொல்லிடலாம்."

அப்படித்தான் இன்று வந்திருந்தாள். பியூன் காட்டிய சிறிய அறையின் கதவைத் தள்ளினாள்.

உள்ளே, ஈரச் சட்டையோடு, புதிய கேமராவைத் திரையின் மேல் பொருத்திக்கொண்டிருந்தான் அவன்.

"உட்காருங்க," என்றான். அவள் முகத்தைப் பார்க்காமலே.

அவன் பெயர் மாதவராஜ். இந்த வீடியோ அறைக்கு அவன்தான் ஒருங்கிணைப்பாளர். தாளைப் பார்த்துத் தட்டையான குரலில் விதிகளை வாசித்தான். அறையில் சாட்சியையும் அவனையும் தவிர யாரும் இருக்கக் கூடாது. சாட்சியின் கையில் போனோ குறிப்போ இருக்கக் கூடாது. யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. ஜாடை காட்டக் கூடாது. கடைசியில் ஒரு படிவத்தை எடுத்தான். 'சாட்சியை எனக்கு முன்பின் தெரியாது' என்ற வரிக்கு நேரே அவன் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு கையெழுத்திட்டான்.

முன்பின் தெரியாது... சரிதான். டீ குடித்தது யாரோ, என்று நினைத்துக்கொண்டாள் கோகிலா.

"ஒரு விஷயம்ங்க. திரையில ஜட்ஜ் ஐயா முகம் வரும். ஆனா அவர் முகத்தைப் பார்த்துப் பேசினீங்கன்னா, நீங்க குனிஞ்சு பேசற மாதிரிதான் அவருக்குத் தெரியும். அவரை நேராப் பார்க்கணும்னா, இதோ இந்தப் பச்சை விளக்கைப் பார்க்கணும்."

"அங்கதான் யாருமே இல்லையே."

"ஆமாங்க." அவன் குரல் முதன்முறையாக இறங்கியது. பழைய கேமராவின் ஓரத்திலிருந்த சிவப்பு ஒட்டுப் பொட்டு ஒன்றை நகத்தால் பிய்த்து, புதிய கேமராவில், பச்சை விளக்குக்குப் பக்கத்தில் ஒட்டினான். "போன மாசம் வந்த ஒரு சாட்சியோடது. வெறும் விளக்கைப் பார்த்துப் பேச வரலைன்னு அவங்க நெத்தியில இருந்து எடுத்து ஒட்டுனாங்க. இதைப் பார்த்துப் பேசுங்க."

திரை விழித்தது. கோயம்புத்தூர் நீதிமன்றம் ஒரு ஜன்னல் அளவுக்கு எதிரே வந்து நின்றது.

பெயர், ஊர், வேலை எல்லாம் சொன்னாள். மூடியைப் பற்றிக் கேட்டபோதும் சொன்னாள். "அது நாலு மாசமா சுவத்தோரமா கெடந்துச்சுங்கய்யா. அக்கா கழட்டலை. ஆனா அது சரியா மாட்டியிருக்குன்னு மாசாமாசம் ஒருத்தர் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போவாரு. அந்த மூடி மேல உக்காந்துதான் நானும் அக்காவும் டீ குடிப்போம்..."

"அன்றைக்கு என்ன நடந்தது?" என்று திரையிலிருந்து கேட்டார் அரசு வக்கீல்.

கோகிலா பொட்டைப் பார்த்தாள். பச்சை விளக்கைப் பார்த்தாள். இதை யாரிடம் சொல்வது? விளக்கிடமா? அவள் கண்கள் தாமாக இடப்பக்கம் திரும்பின. அங்கே மாதவராஜ் உட்கார்ந்திருந்தான். ஜாடை காட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்திருந்தான். அதனால் கண்ணைத் துடைக்கவில்லை. கண்ணீர் தாடை வரைக்கும் வந்து நின்றது.

மூன்று வருடத்தில், அக்காவுக்காக அழுத ஒரு அந்நியன்.

அவள் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். பறந்த பஞ்சு சிவந்தது வரைக்கும்... சொன்னாள்.

*

குறுக்கு விசாரணையை அடுத்த வாரத்துக்குத் தள்ளினார்கள். படியில் மழைக்கு ஒதுங்கி நின்ற கோகிலா, கதவைப் பூட்டிக்கொண்டு வந்த அவனை மறித்தாள்.

"காலையில ஏன் எழுந்து போனீங்க?"

"உங்ககிட்டப் பேசக் கூடாதுங்க."

"அதான் ஏன்னு கேக்கறேன். மலைக்காரின்னா?"

அவன் அதிர்ந்து பார்த்தான். "ஐயோ, என்னங்க இது! பேப்பர்ல பேரைப் பார்த்தப்பறம்தான் நீங்க இன்னைக்கு எங்க அறைக்கு வர்ற சாட்சின்னு தெரிஞ்சுது. சாட்சியோட உக்காந்து நான் டீ குடிக்கக் கூடாது. விதி அப்படி. அதைச் சொல்லிட்டுப் போனாக்கூடப் பேச்சுதானேன்னு பயந்துட்டேன்."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாங்க." கொஞ்சம் தயங்கினான். "சாட்சி முடியட்டும்ங்க. அந்தப் பாதி டீயை அன்னைக்குக் குடிச்சிக்கறேன்."

குடையைப் படியிலேயே வைத்துவிட்டு நனைந்துகொண்டே போனான். கேமரா இல்லாதபோதும் இவன் நனைகிறவன்தான் போல...

அந்த ஒரு வாரம் மலையில் சாமைக் கொல்லையில் களை பறித்தபடி கோகிலா நாட்களை எண்ணினாள். கண்ணாடி பார்த்தாள். சந்தையில் புதுப் பொட்டு அட்டை ஒன்று வாங்கினாள். ராத்திரியில் மட்டும் நெஞ்சு குத்தியது. அக்கா செத்த கதையைச் சொன்ன இடத்திலா உனக்குச் சந்தோஷம் கிடைக்க வேண்டும், கோகிலா? அதைத் தொட்டால் கையில் ரத்தம் ஒட்டாதா?

*

எதிர்த்தரப்பு வக்கீல் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. நீதிபதியைப் பார்த்துப் பேசினார்.

"ஐயா, போன வாரப் பதிவைப் பார்த்தேன். இந்தச் சாட்சி பதினோரு முறை இடப்பக்கம் திரும்பிப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் பார்த்த பிறகுதான் பதில் வருகிறது. அங்கே யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள்."

பதினோரு முறையா? அவள் எண்ணவில்லையே... யாராவது எண்ணுவார்கள் என்று நினைக்கவும் இல்லையே.

கேமராவைத் திருப்பச் சொன்னார் நீதிபதி. பொட்டோடு சேர்ந்து அது மெல்லத் திரும்பி, மாதவராஜின் முகத்தில் நின்றது.

"ஒருங்கிணைப்பாளர், உங்க பேரு?"

"மாதவராஜ்ங்கய்யா."

"இந்தச் சாட்சியை முன்பின் தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சரிதானே?"

சரி என்று சொல்லு, என்று கோகிலா மனசுக்குள் கெஞ்சினாள். ஒரே ஒரு வார்த்தை. சொல்லு...

மாதவராஜ் பச்சை விளக்கை நேராகப் பார்த்தான். "இல்லைங்கய்யா. அன்னைக்குக் காலையில பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். சம்மன் நனைஞ்சிருச்சு. காயவெச்சுக் குடுத்தேன். டீ குடிச்சோம். பத்து நிமிஷம். யாருன்னு அப்போ தெரியாதுங்கய்யா. பத்து நிமிஷமெல்லாம் தெரிஞ்சதுல சேராதுன்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"ஜாடை காட்டினீங்களா?"

"இல்லைங்கய்யா. சத்தியமா இல்லை. அவங்க சொன்னதெல்லாம் அவங்க சொன்னதுதான்."

"பின்னே ஏன் அவங்க உங்களையே பார்த்தாங்க?"

"அது எனக்குத் தெரியாதுங்கய்யா," என்றான். "ஆனா... நானும் பார்த்தேன். பார்க்காம இருக்க முடியலைங்கய்யா."

கோயம்புத்தூரில் தட்டச்சு விசைகள் ஒரு நிமிடம் ஓய்ந்தன. பிறகு அதையும் தட்டின.

நீதிபதியின் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. பதிவு செய்த சாட்சியம் ரத்து. தர்மபுரி நீதிமன்றத்தில், வேறு ஒருங்கிணைப்பாளர் முன்னால், முதலிலிருந்து மறுபடியும் பதிவு செய்ய வேண்டும். படிவத்தில் பொய்க் கையெழுத்திட்ட ஊழியர்மேல் துறை நடவடிக்கை.

திரை அணைந்தது. கருப்புக் கண்ணாடியில் அவர்கள் இருவர் மட்டும் தெரிந்தார்கள்.

"ஒரே ஒரு பொய்..." என்றாள் கோகிலா. "ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா? மறுபடியும் மொதல்ல இருந்து எங்க அக்காவை நான் சாகடிக்கணும். என் வாயால. உங்களுக்கென்ன, நல்லவனா நின்னுட்டீங்க!"

"நல்லவன் இல்லைங்க. அன்னைக்கே சொல்லியிருந்தா நல்லவன்." அவன் தலை நிமிரவில்லை. "மூடி இருக்குதுன்னு மாசாமாசம் ஒருத்தர் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டாருன்னு சொன்னீங்களே. பார்க்காமலே, 'இதுல என்ன இருக்கு'ன்னுதானே அவரும் போட்டிருப்பாரு? நானும் அதே மாதிரி ஒண்ணு போட்டுட்டேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அதை அப்படியே விட்டா... உங்க அக்காவைக் கொன்னவங்க வரிசையில நானும் நிக்கணும்ங்க."

"என்கூடப் பேசாதீங்க."

"சரிங்க. பேசலை." அவள் கதவைத் திறந்தபோது முதுகுக்குப் பின்னால் அவன் குரல் கேட்டது. "நீங்க சாட்சி சொல்ற அன்னைக்கு தர்மபுரி கோர்ட்டு கேட்டுக்கு எதிர்ப்பக்கம் நிப்பேன். ரோட்டைத் தாண்டி வர மாட்டேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் முறை பார்த்து என்ன ஆகப்போகிறது?

*

தர்மபுரியில் முதல் வாய்தாவன்று நீதிபதி விடுப்பு. இரண்டாம் வாய்தாவன்று இணைப்புக் கிடைக்கவில்லை. இரண்டு நாளும் சாலைக்கு எதிர்ப்பக்கம், வேப்பமரத்தடியில், ஒருவன் நின்றிருந்தான். இரண்டு நாளும் கோகிலா தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினாள். அவனை ஏரியூர்ப் பக்கம் எங்கோ மாற்றிவிட்டார்கள், சம்பள உயர்வை நிறுத்திவிட்டார்கள் என்று மாரப்பன்தான் சொன்னார். "உன்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலைம்மா அந்தத் தம்பி. வருது, பாதி டீ குடிக்குது, போவுது. மீதியை ஏன் வுடறேன்னா சிரிக்குது."

மூன்றாம் வாய்தாவன்று திரை விழித்தது.

இங்கே ஒருங்கிணைப்பாளர் நிர்மலா என்ற நடுவயது அம்மாள். முன்பின் தெரியாதவர்தான். கோகிலாவின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கேமராவில் பச்சை விளக்கு மட்டும் இருந்தது. பக்கத்தில் பொட்டு இல்லை. இடப்பக்கம் வெறும் சுவர்.

"அம்மா, ஒண்ணு ஒட்டிக்கலாங்களா?" என்று கேட்டு, தன் நெற்றிப் பொட்டை எடுத்து விளக்கோரம் ஒட்டினாள்.

எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். மூடி. சுவத்தோரம். டீ. கூந்தல். பஞ்சு... இந்த முறை அழுகை வரவில்லை. அழுகை வராததுதான் பயங்கரமாக இருந்தது. அக்கா ஒரு வாக்குமூலமாகிக்கொண்டிருந்தாள். கண்ணை மட்டும் பொட்டிலிருந்து எடுக்கவே இல்லை.

குறுக்கு விசாரணையின் கடைசியில் எதிர்த்தரப்பு வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இன்றைக்கு ஒரு முறைகூடப் பக்கத்தில் பார்க்கவில்லை நீங்கள். அரூரில் மட்டும் ஏன் பார்த்தீர்கள்? அந்த ஊழியருக்கும் உங்களுக்கும் என்ன உறவு?"

அரசு வக்கீல் எழுந்தார். நீதிபதி கையமர்த்தி, "விருப்பமிருந்தால் சொல்லலாம்மா," என்றார்.

கோகிலா பச்சை விளக்கை நேராகப் பார்த்தாள். கோயம்புத்தூரில் இருந்த எல்லோருடைய கண்ணையும் ஒரே நேரத்தில் பார்ப்பது அதுதான் என்று ஒருவன் சொல்லிக்கொடுத்திருந்தான்.

"எங்க அக்கா செத்தப்போ மில்லுல யாரும் அழலைங்கய்யா. மறுநாள் ஷிஃப்ட் ஓடுச்சு. கோர்ட்டுக்கு வந்தேன், வாய்தா குடுத்தாங்க. அரூர்ல அவரு ஒருத்தருதான் அழுதாரு. அதான் பார்த்தேன். அவரு எனக்கு எதுவும் சொல்லிக்குடுக்கலை. பொய் சொல்லித் தப்பிச்சிருக்கலாம், அதுவும் பண்ணலை. அன்னைக்கு நான் அவரைத் திட்டிட்டு வந்தேன்." மூச்சு வாங்கினாள். "உறவு என்னன்னு கேட்டீங்க. இன்னும் ஒண்ணுமில்லைங்க. ஆனா எனக்கு அவரைப் புடிச்சிருக்கு. இது முடிஞ்சதும் போய்ச் சொல்லணும். இன்னும் அவருகிட்ட சொல்லலை."

தட்டச்சு விசைகள் இந்த முறை நிற்கவில்லை.

*

வெளியே மழை. வேப்பமரத்தடியில் அவன். குடை இல்லை. அது கோகிலாவின் கையில்தான் இருந்தது, அரூர்ப் படியிலிருந்து எடுத்த நாளிலிருந்து.

அவள் சாலையைத் தாண்டி வந்தாள். அவன் அசையவில்லை. பேசாதே என்று சொன்னவள் பேசும்வரை பேசுவதாக இல்லை போல.

"முடிஞ்சிருச்சு," என்றாள்.

"தீர்ப்பு...?"

"எப்போன்னு தெரியாதாம். வருஷம் ஆகலாம். அவங்க பக்கமே கூடப் போகலாமாம்." குடையை அவன் பக்கம் சாய்த்தாள். "எது வந்தாலும் அவ வரப் போறதில்லை."

அவன் தலையசைத்தான். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. அதற்காகவே அவனைப் பிடித்திருந்தது. அவள் வெறும் நெற்றியைப் பார்த்து, "பொட்டு எங்கங்க?" என்றான்.

"கேமராவுல இருக்கு. அடுத்து வர்றவங்க வெறும் விளக்கைப் பார்த்துப் பேச வேண்டாமேன்னு வுட்டுட்டு வந்தேன்."

அப்போதுதான், அன்று முழுவதும் வராத அழுகை வந்தது. குடையை அவன் தலைக்கு மேல் பிடித்தபடியே அழுதாள். அவன் கை நீளவில்லை. கண் மட்டும் நிறைந்தது. அன்று போலவே. இன்று அதை எண்ண யாரும் இல்லை.

"உள்ளே... உங்களைப் பத்தி ஒண்ணு சொல்லிட்டு வந்திருக்கேன்," என்றாள் விம்மலுக்கு நடுவே.

"என்னங்க?"

"உங்களைப் புடிச்சிருக்குன்னு."

அவன் சாலைக்கு அப்பால் கோர்ட்டைப் பார்த்தான். "கோர்ட்டுலயா..." என்றான்.

"ஆமா. சத்தியம் பண்ணிட்டுச் சொன்னேன். டைப் பண்ணிட்டாங்க. படிச்சுக் காட்டினாங்க, கையெழுத்தும் போட்டுட்டேன்." கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள். "இனிமே நானே நெனச்சாலும் மாத்த முடியாதுங்க."